எட்டு சொல்லித் தராத வளைவு

ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டுத்தான் நாம் எல்லோரும் லைசென்ஸ் வாங்கியிருக்கிறோம். கால் ஊன்றாமல், இன்ஜின் அணையாமல், பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஒடித்து எட்டை முடித்தால் பாஸ். அந்த வேகத்தில் வலது பக்கம் போக ஹேண்டில்பாரை வலது பக்கம் ஒடிப்பதே சரி. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் மோட்டார் சைக்கிள் வேறு விதமாகத் திரும்பத் தொடங்குகிறது. வண்டி சாய்ந்தால்தான் திரும்பும். சாய வைக்க, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். வலது கைப்பிடியை முன்னால் தள்ளினால் முன் சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் விலகும். கீழ்ப்பகுதி இடது பக்கம் போய்விட்டதால் மேல்பகுதி வலது பக்கம் சாயும். சாய்ந்த பிறகு முன் சக்கரம் தானாக வலது பக்கம் திரும்பி வளைவைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் கவுண்டர் ஸ்டீயரிங் என்கிறார்கள்.

வண்டி ஓட்டத் தெரிந்த எல்லோரும் இதைத் தெரியாமலேயே செய்துகொண்டிருக்கிறோம். 110 கிலோ எடையும் ஒல்லி டயரும் உள்ள 100 சிசி வண்டிக்கு அந்தத் தெரியாமல் செய்வது போதும். இடுப்பை அசைத்தாலே திரும்பிவிடும். 200 கிலோ எடையில், அகலமான டயரோடு, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி இடுப்பு அசைவுக்கெல்லாம் மசியாது. வளைவு நினைத்ததைவிட இறுகும்போது பயந்த கை பழைய எட்டைத்தான் போடப் பார்க்கும், அதாவது ஹேண்டில்பாரைப் போக வேண்டிய பக்கம் ஒடிக்கும். வண்டி உடனே நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த வண்டி நேராகத்தான் போகும்: இடது வளைவென்றால் எதிரே வருகிற லாரிக்கு, வலது வளைவென்றால் தடுப்புச் சுவருக்கோ பள்ளத்துக்கோ. பிறகு ஊரில் எல்லோரும் "ஓவர் ஸ்பீடு" என்பார்கள். பல நேரம் அந்த வேகத்தில் அந்த வளைவைத் திரும்ப வண்டியாலும் டயராலும் முடிந்திருக்கும். கேட்க வேண்டிய விதத்தில் வண்டியிடம் கேட்கத்தான் ஓட்டியவருக்குத் தெரிந்திருக்காது.

பழகுவது எளிது. ஆள் நடமாட்டமில்லாத அகலமான நேர்ச்சாலையில், 40 முதல் 50 கிலோமீட்டர் சீரான வேகத்தில், கைப்பிடியை இறுக்காமல், வலது உள்ளங்கையால் மெதுவாக முன்னால் அழுத்துங்கள். வண்டி வலது பக்கம் நகரும். இடது உள்ளங்கையால் அழுத்தினால் இடது பக்கம். கீழ்நோக்கி அழுத்தினால் பலன் குறைவு. முன்னால் தள்ள வேண்டும். தெரியாமல் செய்ததைத் தெரிந்து செய்யத் தொடங்கியதும், எவ்வளவு தள்ளினால் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்ற கணக்கு கைக்கு வரும். அவசரத்தில் உதவப்போவது அந்தக் கணக்குதான்.

குதிரைத்திறன் மாற்றுவது எதை?

டோமினார் 400, 390 ட்யூக் வகை வண்டிகள் 40 குதிரைத்திறனை ஒட்டியோ அதற்கு மேலோ தருகின்றன. 648 சிசி இன்டர்செப்டர் 47. சாதாரண 100 சிசி வண்டி எட்டை ஒட்டி. இந்த வித்தியாசம் வளைவுக்குள் பெரிதாக ஒன்றும் செய்யாது. வளைவுக்கு முந்தைய நேர்ச்சாலையில்தான் வேலையைக் காட்டும்.

செங்கோட்டையை அடுத்த புளியரை ஏற்றத்தில் இரண்டு வளைவுகளுக்கு இடையே 150 மீட்டர் நேர்ச்சாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 சிசி வண்டி அதற்குள் 60ஐத் தொடுவதே பெரும்பாடு. 40 குதிரைத்திறன் வண்டி 90ஐத் தாண்டி நிற்கும். அடுத்த வளைவை 35இல் எடுக்க வேண்டும் என்றால், நிதானமான பிரேக்கில் 60இலிருந்து இறங்க சுமார் 18 மீட்டர் போதும்; 90இலிருந்து இறங்க 53 மீட்டர் வேண்டும். பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டிய இடமே 35 மீட்டர் முன்னால் வந்துவிட்டது. பத்து வருடம் ஸ்பிளெண்டரில் அதே சாலையில் போய்வந்தவருக்கு அந்தப் பழைய இடம் மனதில் பதிந்திருக்கும்; புது வண்டியிலும் அங்கே வந்துதான் பிரேக்கைத் தொடுவார். பெரிய வண்டி வாங்கிய முதல் மாதங்களில் நடக்கும் வளைவு விபத்துகளுக்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

அடுத்தது சாய்வு. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்க ஏறத்தாழ 23 டிகிரி சாய்வு வேண்டும். 50இல் 33 டிகிரி. 60இல் 43 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது டயர் தர வேண்டிய பக்கவாட்டுப் பிடிப்பு இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. அன்றாடம் ஓட்டுபவருக்கு 20, 25 டிகிரி வரைதான் பயமில்லாமல் வரும். அதற்கு மேல் போனால் மனம் "போதும்" என்று சொல்லிவிடும், வண்டியில் இன்னும் மிச்சம் இருந்தாலும். குரூசர் வகை வண்டிகளில் 30 டிகிரியை ஒட்டியே ஃபுட்பெக் தரையைத் தொட்டுவிடும். 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் கணக்கு இன்னும் கறாரானது: 25 கிலோமீட்டரில் 18 டிகிரி, 35இல் 33 டிகிரி. ஸ்பீடாமீட்டரில் 10 கிலோமீட்டர் என்பது நேர்ச்சாலையில் ஒன்றுமே இல்லை. கொண்டை ஊசியில் அதுதான் எல்லாம்.

டயர் என்கிற கஜானா

டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். அதில் இருக்கும் பிடிப்பு ஒரே கஜானா. பிரேக்குக்கும் அதிலிருந்துதான், திரும்புவதற்கும் அதிலிருந்துதான், ஆக்ஸிலேட்டரை முறுக்குவதற்கும் அதிலிருந்துதான். நேராகப் போகும்போது முழுவதையும் பிரேக்குக்குத் தரலாம். திரும்புவதற்கு 80 சதவீதம் எடுத்துவிட்டால் பிரேக்குக்கு 60 சதவீதம் மிச்சம். கூட்டினால் நூறுக்கு மேல் வருகிறதே என்று தோன்றும். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகள் என்பதால் கணக்கு அப்படி. திரும்புவதற்கே 95 போய்விட்டால் மிச்சம் 31தான். சாய்வின் கடைசிப் பத்து டிகிரியில் பிரேக்குக்கான பங்கு மடமடவென்று கரைந்துபோவது இதனால்தான்.

"ஏபிஎஸ் இருக்குல்லா, பாத்துக்கும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் சாதாரண ஏபிஎஸ் சக்கரங்கள் சுழலும் வேகத்தை மட்டுமே பார்க்கிறது. வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சாய்ந்த நிலையில் அது சக்கரம் பூட்டுவதை உணர்ந்து விடுவிப்பதற்குள் முன் டயர் பக்கவாட்டில் வாரிவிட்டிருக்கலாம். சாய்வை அளக்கும் சென்சாரோடு வரும் கார்னரிங் ஏபிஎஸ் வேறு சங்கதி. அது சாய்வுக்குத் தக்கபடி பிரேக் அழுத்தத்தை முன்கூட்டியே மட்டுப்படுத்தும். அதுவும் கஜானாவைப் பெரிதாக்காது, உள்ளதைத் தாறுமாறாகச் செலவழிக்காமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது, பின் சக்கரத்துக்கும் உண்டா முன்னுக்கு மட்டுமா என்பதைக் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

வளைவுக்கு முன், வளைவில், வளைவுக்குப் பின்

வேகம் குறைக்கும் வேலை முழுவதும் வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடிய வேண்டும். முன் பிரேக்கை இரண்டு கட்டமாகப் பிடியுங்கள். முதலில் இரண்டு விரலால் லேசாக இழுத்தால் எடை முன்னால் வந்து ஃபோர்க் அமுங்கும், முன் டயர் தரையில் பதியும். அதன் பிறகு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறுக்கலாம். ஃபோர்க் அமுங்குவதற்கு முன்பே வெடுக்கென்று பிடித்தால், எடை வந்து சேராத டயர் பூட்டிக்கொள்ளும். "முன் பிரேக் பிடிச்சா தூக்கி வீசிரும்" என்று சிறு வயதில் சொல்லிக் கொடுக்கப்பட்ட பயத்துக்குக் காரணம் இந்த வெடுக்குதான். முன் பிரேக்கின் மேல் குற்றமில்லை. நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

பிரேக் பிடித்துக்கொண்டே கியரை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கிளட்சை விடும் முன் ஆக்ஸிலேட்டரை ஒரு சின்ன முறுக்கு முறுக்கி இன்ஜின் சுற்றைக் கூட்டிக்கொண்டால் பின் சக்கரம் உதறாது. ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டிகள் இந்த உதறலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதை நம்பி இரண்டு மூன்று கியரை மொத்தமாக இறக்கிக் கிளட்சைப் படாரென்று விடக்கூடாது. பெரும்பாலான கொண்டை ஊசிகளுக்கு இரண்டாவது கியர் தோதானது. முதல் கியரில் ஆக்ஸிலேட்டரின் சின்ன அசைவுக்கும் வண்டி துள்ளும். மூன்றாவதில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் திக்கித் திணறும், அந்தத் திணறலில் வண்டி வளைவுக்குள் விழுவதுபோல இருக்கும்.

பெரிய வண்டிக்கு மாறியவர்கள் கூடவே கொண்டுவரும் ஒரு கெட்ட பழக்கம், வளைவுக்குள் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருளுவது. அதன் அண்ணன், பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. இரண்டிலும் இன்ஜின் பிரேக் போய்விடும், வேகம் தானாகக் கூடும், வண்டியை நிலைநிறுத்த ஆக்ஸிலேட்டர் கையில் இருக்காது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் பிரேக் திரவம் சூடேறி லீவர் மெத்தென்று உள்ளே போகத் தொடங்கும். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது என்று லாரிக்காரர்கள் வைத்திருக்கும் வழக்கம் பைக்குக்கும் பொருந்தும்.

வேகமும் கியரும் முடிந்த பிறகு கண். தலையைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். முகம் நேராக இருக்க விழியை மட்டும் ஓட்டினால் போதாது, தாடை திரும்ப வேண்டும். பிறகு உள்பக்கக் கைப்பிடியைத் தள்ளுங்கள். வேண்டிய அளவு சாய்ந்ததும் தள்ளுவதை விட்டுவிடலாம். சரியான வேகத்தில் வந்த வண்டி தானே அந்தச் சாய்வில் நிற்கும். வளைவு முழுவதும் கைப்பிடியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் டயரில் காற்றுக் குறைவாக இருக்கிறது, அல்லது உங்கள் தோள் இறுகியிருக்கிறது.

சாய்ந்து முடித்த கணத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறக்க வேண்டும். எவ்வளவு? வேகம் குறையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும். சாய்ந்த வண்டி டயரின் ஓரத்தில் உருளுவதால் முறுக்காவிட்டால் வேகம் இறங்கிக்கொண்டே வரும், எடை முன்னால் போய் முன் டயருக்குச் சுமை கூடும். கொஞ்சம் திறந்ததும் எடை பின்னால் வந்து சஸ்பென்ஷன் நடுநிலையில் நிற்கும். சாலை நேராவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு, வண்டி நிமிர நிமிர, அந்த அளவுக்குத் திறந்துகொண்டே போகலாம். முழுச் சாய்வில் 47 குதிரைகளையும் அவிழ்த்துவிட்டால் பின் டயர் வெளியே வழுக்கும். அப்போது பயந்து சட்டென்று மூடினால் டயர் திடீரென்று மறுபடி பிடிக்கும், வண்டி மறுபக்கம் துள்ளி ஆளைத் தூக்கி எறியும். வழுக்கிப் படுப்பதைவிட மோசமான விழுகை இது.

உடலைப் பொறுத்தவரை நான்கு இடங்களைக் கவனித்தால் போதும். முட்டிகள் டேங்கைப் பிடித்திருக்கட்டும், பாதத்தின் முன்பகுதி ஃபுட்பெக்கில், முழங்கை மடங்கி, வயிறும் தொடையும் உடலைத் தாங்கட்டும். ஹேண்டில்பாரைத் தாங்குதடியாகப் பிடித்தால் சாலையின் ஒவ்வொரு குண்டும் குழியும் உங்கள் கை வழியாக முன் சக்கரத்தைத் திருப்பும். முட்டியைத் தரையில் உரசுவது பந்தயத் தளத்துச் சமாச்சாரம். தென்காசிச் சாலையில் அதற்கு வேலையில்லை.

வேகமாக உள்ளே வந்துவிட்டால்

முதலில் மூளை செய்யும் தவறு, பயப்படும் பொருளையே பார்ப்பது. கண் தடுப்புச் சுவரில் ஒட்டினால் வண்டி அங்கேயே போகும். கண்ணை வலுக்கட்டாயமாக வளைவின் வெளிவாசலுக்குக் கொண்டுபோய், உள்பக்கக் கைப்பிடியை இன்னும் தள்ளுங்கள். காய்ந்த சாலையில் நல்ல டயர் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் சாயும். ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று மூடாமல், இருக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கை இறகு தொடுவதுபோல் தொட்டால் வேகம் குறைந்து பாதை தானே இறுகும். முன் பிரேக்கை விடாமல் லேசாக வைத்துக்கொண்டு, சாயச் சாயத் தளர்த்தியபடி வளைவுக்குள் நுழையும் வித்தையும் உண்டு. பழகியவர் கையில் அது பெரிய பாதுகாப்பு. பழகாதவர் அதை முதன்முதலாகச் செய்து பார்க்கும் இடம் அவசரமாக இருக்கக்கூடாது.

வெளிப்பக்கம் இடமிருந்தால் இன்னொரு வழி உண்டு: வண்டியை நிமிர்த்தி, நேராக இரண்டு நொடி பலமாகப் பிரேக் பிடித்து, விட்டுவிட்டு மறுபடி சாய்வது. எதிரே வண்டி வராத இடது வளைவில்தான் இதற்கு இடம் கிடைக்கும்.

எவ்வளவு வேகம் என்பதைச் சாலை சொல்லும்

வளைவில் இரண்டு சாலையோரங்களும் சேர்வதுபோலத் தெரியும் ஒரு புள்ளி இருக்கும். நீங்கள் போகப் போக அந்தப் புள்ளியும் விலகிப் போனால் வளைவு திறக்கிறது, வேகத்தைக் கூட்டலாம். அது நின்ற இடத்திலேயே நிற்க, நீங்கள் அதை நெருங்கினால் வளைவு இறுகுகிறது, குறைக்க வேண்டும். அந்தப் புள்ளி வரை உள்ள தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். காய்ந்த சாலையில் 60 கிலோமீட்டரில் வரும் வண்டி, கண்டு உணரும் ஒரு நொடியையும் சேர்த்து, நிற்க சுமார் 37 மீட்டர் எடுக்கும். 80இல் 58 மீட்டர். பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் சாலைபோல ஒடுங்கிய காட்டுச் சாலை என்றால், தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க வேண்டும். எதிரே வருபவருக்கும் மறுபாதி தேவை. அங்கே மிளாவும் குரங்கும் குறுக்கே வரும், அவை ஹாரனுக்கு ஒதுங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

வெளியே தொடங்கி, உள்ளே தொட்டு, வெளியே முடிக்கும் பாதையை எல்லாப் பாடத்திலும் வரைந்து காட்டுவார்கள். பந்தயத் தளத்தில் எதிரே கேஎஸ்ஆர்டிசி பஸ் வருவதில்லை. சாலையில் உங்கள் பாதி மட்டுமே உங்களுடையது, அதற்குள்ளும் ஓரங்களில் விளிம்பு விட வேண்டும். இடது வளைவில் நடுக்கோட்டுப் பக்கமாக நின்றால் தூரம் வரை தெரியும். ஆனால் கோட்டை ஒட்டி நின்றால் எதிரே அகலமாக வரும் லாரியின் முனை தட்டும். ஆகவே உங்கள் பாதியின் நடுவுக்குச் சற்று வலப்பக்கம், எதிரே ஏதாவது வருவது தெரிந்ததும் இடது பக்கம் ஒதுங்கத் தயாராக. வலது வளைவில் இடது ஓரமாகத் தொடங்கலாம், மண் கிடக்கும் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி. இங்கே பலர் கவனிக்காத ஒன்று: சக்கரங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும், வலது பக்கம் சாய்ந்த உடலின் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்க வளைவுக்கும் பொது விதி, சீக்கிரம் திரும்பாமல் கொஞ்சம் பொறுத்துத் திரும்புவது. சீக்கிரம் திரும்பினால் வளைவின் பிற்பாதியில் வண்டி வெளியே ஓடும். பொறுத்துத் திரும்பினால் முழு வளைவும் கண்ணில் பட்ட பிறகே சாய்கிறீர்கள்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் புளியரை எஸ் வளைவு இதற்கெல்லாம் நல்ல பாடசாலை, கண்டிப்பான வாத்தியாரோடு. கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப்போகும் நீளமான லாரிகளின் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன வழியில் வருவதில்லை, வளைவின் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். அதைச் சரிக்கட்ட டிரைவர் முன்பகுதியை எதிர்ப் பாதிக்குள் கொண்டுவந்துதான் திருப்ப முடியும். அவர் தப்பு செய்வதாக நினைத்து ஹாரன் அடித்துப் பயனில்லை. வளைவுக்கு முன்னாலேயே நின்று வழிவிடுங்கள். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதியும்கூட. ஏறும் லாரியின் உள்பக்க இடைவெளியில் நுழைந்து முந்துவது, அதன் பின் சக்கரத்துக்கு நாமே இடம் காட்டுவதாகும். எல்லையில் கோட்டைவாசல் கருப்பசாமிக்குக் கும்பிடு போட்டுவிட்டு லாரிகள் கிளம்பும் இடத்தில் வேகம் குறைத்தே போங்கள். சாலையோரம் நிறுத்தியிருப்பவை எந்த நேரமும் உள்ளே வரும்.

நம்ம ஊர்ச் சாலையில் கிடப்பவை

சீமைப் புத்தகங்கள் மழை, பனி, உதிர்ந்த இலை என்று எழுதும். திருநெல்வேலிச் சீமையின் பட்டியல் வேறு.

குற்றாலம் சீசனில் விழும் சாரல் நல்ல மழையைவிட ஆபத்தானது. கன மழை சாலையைக் கழுவிவிடும். சாரல், சாலையில் ஊறிய எண்ணெயையும் தூசியையும் குழைத்து மெழுகிவிட்டு நின்றுவிடும். ஈரத்தில் வெள்ளைக் கோடுகளும், பாலங்களின் இரும்பு இணைப்புகளும், தார் ஒட்டுப் போட்ட பளபளப்பான திட்டுகளும் பிடிப்பே இல்லாதவை. அவற்றைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் வண்டியை நிமிர்த்தி, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் தொடாமல் தாண்டுங்கள். ஈரச் சாலையில் வளைவு வேகத்தைக் கால்பங்கு குறைத்தாலே தேவையான பக்கவாட்டுப் பிடிப்பு ஏறத்தாழ பாதியாகிவிடும். வேகத்தின் வர்க்கக் கணக்கு அப்போது நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

திசையன்விளை, உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் தேரி மணல். ஆடிக் காற்றில் செம்மணல் சாலைமேல் மெல்லிய விரிப்பாக ஏறிவிடும், வளைவின் உள்பக்கத்திலும் வெளி ஓரத்திலும் கூடுதலாக. வண்டிகள் ஓடிய சக்கரத்தடம் மட்டும் கறுப்பாகத் தெரியும், அதிலேயே போங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வட்டாரத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களின் அறுவடை முடியும் காலங்களில் சாலையே களத்துமேடு: நெல் காயும், வைக்கோல் கிடக்கும். வைக்கோல் மேல் சாய்ந்த டயர் நிற்காது. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கம் மழைக்குப் பிறகு டிராக்டர் சக்கரங்கள் கொண்டுவந்து போட்ட கரிசல் சேறு. டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு அடுத்த நூறு மீட்டருக்கு உங்கள் டயரையே வழுவழுப்பாக்கிவிடும். இந்த மூன்றிலும் ஒரே வழிதான்: அவை இருக்கும் என்று எதிர்பார்த்து வருவது. அறுவடைக் காலத்தில் ஊருக்குப் பக்கத்து வளைவு ஒவ்வொன்றிலும் வைக்கோல் கிடக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் காற்று. அத்தனை காற்றாலைகளைச் சும்மா அங்கே நட்டு வைக்கவில்லை. பக்கவாட்டில் காற்றடிக்கும்போது நேராகப் போவதற்கே காற்று வரும் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அதாவது அந்தப் பக்கக் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பஸ்ஸை முந்தும்போது காற்று சட்டென்று நிற்கும், தாண்டியதும் சட்டென்று அறையும். இறுகிய கை இந்த இரண்டையும் வண்டிக்குக் கடத்தி அலையவிடும். தைப்பூச நாட்களில் திருச்செந்தூர்ச் சாலைகளில் இரவெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம் நடக்கும். இடது வளைவின் உள் ஓரம் முழுவதும் ஆட்கள் இருப்பார்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

டயர் காற்று முதலில். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ செயின் கவரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, டயர் சூடாகாத காலை நேரத்தில் பார்க்க வேண்டும். பங்க்கில் "முன்னால இருபத்தஞ்சு, பின்னால முப்பத்தஞ்சா?" என்று எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கில் அடிப்பதற்குத் தலையாட்டாதீர்கள். பெரிய வண்டிகள் பலவற்றுக்கு முன் டயருக்கே 30 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டும். முன்னால் காற்றுக் குறைந்தால் சாய்க்க பலம் வேண்டியிருக்கும், பாதி வளைவில் வண்டி நிமிரப் பார்க்கும்.

நான்குவழிச் சாலையில் நேராகவே ஓடிய பின் டயர் நடுவில் தட்டையாகத் தேயும். அந்த வண்டி வளைவில் முதலில் சாய மறுத்து, தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் பொதுக்கென்று விழும். பள்ளம் இன்னும் இருக்கிறது என்று பலர் இதை மாற்றாமல் ஓட்டுகிறார்கள். வளைவுச் சாலைக்குப் போவதாக இருந்தால் மாற்றுவதே சரி. பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கம் டயரின் வயது: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நம்ம வெயிலில் ஐந்து வருடத்துக்கு மேலான டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், பள்ளம் எவ்வளவு இருந்தாலும். புது டயர் முதல் 150 கிலோமீட்டர் வரை வழுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழக்க வேண்டும்.

செயின் தொங்கினால் ஆக்ஸிலேட்டரைத் திறக்கும் கணத்தில் உதறும். ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தேய்ந்தால் ஹேண்டில்பார் நடுவில் சிக்கி நிற்கும். ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அது பிரேக் டிஸ்க் மேலும் வரும். கடையில் ஆசையாக மாட்டிய அகலமான லெக் கார்டு, சாய்வில் முதலில் தரையைத் தொடும் பொருளாக இருக்கலாம். தொட்டால் டயரைத் தூக்கிவிடும், அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

எங்கே பழகுவது

மாஞ்சோலைச் சாலையின் வளைவுகளைப் பார்த்து ஆசை வரும். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதியின்றிப் போக முடியாது. பழகுவதற்கான இடமும் அல்ல. கெட்டித் தரையுள்ள ஒரு மைதானம் போதும். மண் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை வைத்து 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதில் 20 கிலோமீட்டர் வேகத்தில் சுற்ற 17 டிகிரி சாய்வு வரும், 25இல் 26 டிகிரி. இரண்டாவது கியரில், சீரான ஆக்ஸிலேட்டரில், வட்டத்தின் எதிர்ப்புறத்தைப் பார்த்தபடி ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம். பெரும்பாலோருக்கு ஒரு பக்கம் கூச்சமாகவே இருக்கும், அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பிறகு நேர்க்கோட்டில் 50இலிருந்து நிறுத்தும் பயிற்சி. இரண்டும் கைவந்த பிறகு சாலைக்குப் போய், தெரிந்த ஒரே வளைவை, ஒரு நாள் கண்ணுக்காக மட்டும், ஒரு நாள் ஆக்ஸிலேட்டருக்காக மட்டும் என்று எடுத்துப் பாருங்கள். முழுச் சாய்வில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தயத் தளங்கள் உள்ளன. பயிற்சி வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும்.

பின்னால் ஆள் ஏறினால் கற்ற கணக்கெல்லாம் கொஞ்சம் மாறும். பின் ஸ்பிரிங்கின் பிரீலோடை, அதாவது முன் இறுக்கத்தை, கூட்டி, ஸ்டிக்கரில் இருவருக்கான காற்றளவை வைக்காவிட்டால் பின்பகுதி அமுங்கி, முன் சக்கரம் லேசாகி, வண்டி வளைவில் வெளியே வெளியே போகும். பிரேக் தூரமும் கூடும். ஏறுபவரிடம் இரண்டே விஷயம் சொன்னால் போதும்: வளைவு வரும்போது என் உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பாருங்கள், வண்டி சாயும்போது எதிர்ப்பக்கம் சாயாதீர்கள். அப்படிப் பார்த்தாலே உடல் தானாக வண்டியோடு வரும். சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்காருபவரை இந்த வண்டிகளில் மலைச்சாலைக்கு அழைத்துப் போகாதீர்கள். எடை ஒரு பக்கமாகத் தொங்கும், பிடிமானமும் இருக்காது. "அத்தை, புளியரை வரை பஸ்ஸுல வந்துருங்க" என்று சொல்லிவிடலாம்.